பிரபுவின் மாச்சாக்குச் சட்டை

போன கிழமை முழங்கைக்கு மேலே ஒரு தடிப்பு வந்தது. நுளம்பு கடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாளில் அது தோளுக்கு ஏறி, முதுகுக்கு இறங்கி, என் கை எட்டாத இடமாகப் பார்த்துக் குடியேறிவிட்டது. ஒரு காலையில் கதவு நிலையில் முதுகைக் கொடுத்து, மேலும் கீழுமாகத் தேய்த்தபடி, கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது மனைவி வந்துவிட்டாள். "என்ன இது, மாடு மாதிரி?" என்றாள். மாடு இல்லை, குதிரை என்று திருத்த வாய் உன்னியது. விளக்கம் சொல்லப் போனால் தேநீர் ஆறிவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

டொக்டர் என் பேத்தி வயதுப் பிள்ளை. கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு முதுகைப் பார்த்தார்.

"ஐயா, இது அலர்ஜி. பயப்பிட ஒண்டும் இல்லை. இறால், நண்டு, கத்தரிக்காய் மூண்டையும் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டி வையுங்கோ."

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பிள்ளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் என்ன செய்ய? கிட்டத்தட்ட இதே பத்தியத்தை, கிட்டத்தட்ட இதே முகத்தோடு, நானும் ஒரு நோயாளிக்கு விதித்திருக்கிறேன். என் நோயாளிக்குக் கால்கள் நாலு. உங்களுக்கு நேரம் இருந்தால் சொல்கிறேன். எனக்கு நேரத்துக்குக் குறைவில்லை. முதுகில் மருந்து காயும்வரை சட்டை போடக் கூடாதாம்.

யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டபோது எனக்கு இருபத்தொரு வயது. துறைமுகத்துக்குள் ஒரு களஞ்சியக் கந்தோரில் கிளாக்கர் வேலை. பெரிதாக நினைக்க வேண்டாம். கோதுமை மாச்சாக்கு, கயிறு, பெயின்ற், விளக்குத்திரி எல்லாம் வந்து போகும் இடம். வந்ததை வந்தது என்றும் போனதைப் போனது என்றும் எழுதுவதுதான் என் உத்தியோகம். குண்டு விழுந்தது ஒரு காலையில். பின்னேரத்துக்குள் ஊர் காலி. மாட்டுவண்டி, லொறி, சைக்கிள். ஒன்றும் கிடைக்காதவர்கள் நடை. ஆட்டுக்குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளையை நடக்கவிட்ட ஒரு தாயை என் கண்ணால் கண்டேன். யாரையும் குறை சொல்லவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில்தான் போய்க்கொண்டிருந்தேன்.

குச்சவெளியில் என் வீடு. கரையோர றோட்டால் நடந்து சாம்பல்தீவு தாண்டும்போது குடை ஞாபகம் வந்தது. அப்பாவின் குடை. கொழும்பிலிருந்து வருவித்தது; வளைந்த பிரம்புப் பிடி. அதைக் கந்தோரில் விட்டுவிட்டேன். வெறுங்கையோடு போய் அப்பாவின் முன்னால் நிற்பதை யோசித்துப் பார்த்தேன். யப்பான்காரன் வருவதற்கு முன்னால் சைரனாவது ஊதுவார்கள். திரும்பி நடந்தேன்.

கந்தோரில் யன்னல் கண்ணாடி எல்லாம் நிலத்தில் கிடந்தது. நடுவில், மேசையைத் துடைத்து வைத்துக்கொண்டு, பெரிய கிளாக்கர் அம்பலவாணர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, மூக்கு நுனியில் கண்ணாடி, கழுத்துவரை பூட்டிய வெள்ளைக் கோட்டு. என்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழுந்தார். பெரிய கிளாக்கர் சின்னக் கிளாக்கருக்கு எழுந்து நின்றதை அன்றைக்குத்தான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன்.

"ஐசே, ஒருத்தரும் வரேல்லை. நீர் வருவீர் எண்டு எனக்குத் தெரியும்" என்றார்.

குடை எடுக்க வந்தேன் என்று அந்த நேரத்தில் சொல்ல எந்த மனிதனுக்கு வாய் வரும்? குடையைக் கையில் எடுத்துக்கொண்டே "ஓம் ஐயா" என்றேன். அந்த ஒரு 'ஓம்' என்னைக் குதிரைக்காரன் ஆக்கிவிட்டது.

களஞ்சியத்துக்குப் பின்னால், கண்டல் மரங்கள் நிற்கும் சேற்றுக் கரையை ஒட்டி ஒரு கொட்டில் இருந்தது. அதில் துறைமுகத்துத் துரை ஒருவரின் சவாரிக் குதிரை நின்றது. துரை கப்பலோடு போய்விட்டார். எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. குதிரைக்காரன் முதல் சைரனோடு போனவன், எந்தத் திசை என்பதும் தெரியாது. துரை வைத்த பெயர் டியூக். அதற்குப் பிரபு என்று பொருள் என்று அம்பலவாணர் சொன்னார். அன்றிலிருந்து எங்களுக்கு அது பிரபு. "பிரபு சாப்பிட்டாரோ, பிரபு படுத்தாரோ" என்றுதான் அம்பலவாணர் விசாரிப்பார். என்னை 'நீர்' என்பார், குதிரையை 'அவர்' என்பார். உத்தியோகத்தில் யார் மேலே, யார் கீழே என்பதில் அவருக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

ஆனால் பார்வைக்குப் பிரபு என்று சொல்ல முடியாது. செம்மண் நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, அவ்வளவுதான் அழகு. பிடரி மயிர் பாதி இல்லை. வால், கூட்டிக் கூட்டித் தேய்ந்த தும்புத்தடி மாதிரி. வால் தொடங்கும் இடத்தில் தோல் உரிந்து, கசிந்து, காய்ந்து, அதன் மேல் மறுபடி கசிந்து கிடந்தது. கொட்டிலின் மூலைக் கம்பத்தில் பின்புறத்தைக் கொடுத்துத் தேய்க்கத் தொடங்கினால் கூரைக் கிடுகு ஆடி, தூசி கொட்டும். தேய்த்து முடிந்ததும் களைத்துப்போய்த் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். பிறகு மறுபடியும் தொடங்கும்.

இதில் இன்னொரு சங்கடம் இருந்தது. இராணுவ மிருக வைத்தியர் ஒருவர் குண்டு விழுவதற்கு முன்பே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். தொற்றுகிற சொறியாக இருக்கலாம், கோட்டையில் நிற்கும் இராணுவக் கோவேறு கழுதைகளுக்குப் பரவும், ஆனி மாதம் திரும்பி வருவேன், அப்போதும் தோல் இப்படியே இருந்தால் சுட்டுவிட வேண்டியது என்று எழுதி வைத்திருந்தார். அந்தக் கடிதத்தை அம்பலவாணர் எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார்.

"துரை வந்து, என்ரை குதிரை எங்கை எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது? அவரைக் காப்பாத்த வேணும், ஐசே."

யார் காப்பாற்றுவது? கந்தோரில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அதில் ஒருவர் பெரிய கிளாக்கர்.

நான் அதற்கு முன் குதிரையைக் கிட்ட நின்று பார்த்ததே இல்லை. முதல் மூன்று நாளும் கொள்ளு வாளியைத் தரையில் வைத்து, குடையின் பிடியால் தள்ளித் தள்ளித்தான் சாப்பாடு கொடுத்தேன். அப்பாவின் குடை அதுவரை செய்த உருப்படியான வேலை அதுதான் என்று நினைக்கிறேன். நாலாம் நாள் தெய்வானை அக்கா அதைப் பார்த்துவிட்டு, தலையிலிருந்த புல்லுக்கட்டை இறக்காமலே சிரித்தார்.

தெய்வானை அக்கா பாலையூற்றிலிருந்து ஒவ்வொரு நாளும் புல் கொண்டுவருகிறவர். நாற்பது வயது இருக்கும். குதிரைக்காரன் இருந்த காலத்திலிருந்தே பிரபுவின் புல் அவருடைய பொறுப்பு. ஊர் ஓடியபோது அவர் ஓடவில்லை. ஏன் அக்கா என்று கேட்டேன்.

"நான் ஓடினால் உது என்னத்தைத் தின்னும்?" என்றார்.

அவருக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. எனக்கு மட்டும் காது சுட்டது. அம்பலவாணரிடம் கடமை வீரன் என்ற பெயரை வாங்கிக்கொண்டு திரிந்தவன் நான்தானே.

ஒரு நாள் அவர் பிரபுவின் வாலடியைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தம்பி, உது சொறி இல்லை. உது கிரந்தி."

கிரந்தி என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் பக்கத்தில் தோலில் எது வந்தாலும் குற்றவாளி சாப்பாடுதான். இறால், நண்டு, கத்தரிக்காய் எல்லாம் கிரந்திச் சாமான். தடிப்புக் கண்டால் முதல் வேலை அவற்றை நிறுத்துவது. சின்ன வயதில் எனக்குக் கரப்பான் வந்தபோது ஆறு மாதம் கத்தரிக்காயைக் கண்ணில் காட்டவில்லை, சுகம் வந்தது. ஆகவே எனக்குச் சந்தேகம் எதுவும் எழவில்லை. அம்பலவாணரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அதுதான் சரி. பத்தியம் வேணும்" என்றார். மூன்று பேரும் ஒரே மனதாக ஒத்துப்போனோம்.

ஒரு சின்னச் சிக்கல்தான். பிரபு இறால் சாப்பிடுவதில்லை. நண்டும் இல்லை. கத்தரிக்காயை ஒரு முறை காட்டிப் பார்த்தேன். மோந்துவிட்டு என் முகத்தில் தும்மியது. ஆனால் பத்தியம் என்றால் எதையாவது நிறுத்தத்தானே வேண்டும்? நிறுத்துவதற்கு ஒன்றுமில்லாத நோயாளியை என்ன செய்வது என்று மூவரும் வாளிக்குள் எட்டிப் பார்த்தோம். கொள்ளு இருந்தது. கொள்ளு சூடு, அது எல்லோருக்கும் தெரியும். கடலை இருந்தது. கடலை வாய்வு. தவிடும் ஆகாது என்று அம்பலவாணரின் மாமியார் எப்போதோ சொன்னாராம். எல்லாவற்றையும் நிறுத்தினோம். ஆறடி உயர மிருகத்துக்குக் காலையிலும் பின்னேரத்திலும் வெந்தயம் போட்ட அரிசிக் கஞ்சியும் ஒரு பிடி புல்லும். அரிசி கூப்பனுக்கு வந்திருந்த காலம். என் பங்கிலிருந்தும் எடுத்துத்தான் கஞ்சி காய்ச்சினேன். பிரபு ஒரு இழுப்பில் குடித்துவிட்டு, தலையை வாளிக்குள் வைத்தபடியே கொஞ்ச நேரம் நிற்கும். இனித்தான் சாப்பாடு வரும் என்று நினைத்திருக்க வேண்டும்.

உள்ளுக்குப் பத்தியம் என்றால் வெளியே பூச்சு. வேப்பெண்ணெயும் மஞ்சளும் பூசினோம். அது போதாதென்று குச்சவெளிக் கடற்காரர் ஒருவரிடம் ஒரு போத்தல் சுறா எண்ணெய் வாங்கி வந்தேன். சுறா எண்ணெயின் மணத்தை நான் விவரிக்கப்போவதில்லை. அந்த நாட்களில் நான் பஸ்ஸில் ஏறினால் எனக்கு இரண்டு பக்கமும் இடம் கிடைக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பொழுது சாயும் நேரம் வேப்பிலையைக் குவித்துப் புகையும் போட்டோம். புகை எழுந்து ஐந்து நிமிடத்தில் ஒரு வெள்ளைக்காரச் சார்ஜன்ட் ஓடிவந்து சப்பாத்தால் மிதித்து அணைத்தான். புகையைக் கண்டு யப்பான்காரன் வந்துவிடுவானாம். அவன் வாயால் சொன்னது எனக்கு முழுதும் விளங்கவில்லை, கையால் சொன்னது விளங்கியது.

வைகாசி பிறந்தபோது பிரபுவின் விலா எலும்பை எண்ணலாம். அரிப்பு ஒரு இம்மியும் குறையவில்லை. சுடுவதற்கு முன்பே நாங்கள் கொன்றுவிடுவோம் போல இருந்தது.

ஒரு காலை, தேய்த்துத் தேய்த்துக் கம்பம் ஆடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், மூலையில் கிடந்த தும்புத்தடியை எடுத்துப் பிரபுவின் பிடரியில் வறட்டு வறட்டென்று சொறிந்தேன். பிரபு அசையாமல் நின்றது. பிறகு மேலுதடு மெல்ல நீண்டது. நீண்டு, ஒரு பக்கம் கோணி, நடுங்கத் தொடங்கியது. கண் பாதி மூடிவிட்டது. அவ்வளவு பெரிய மிருகத்தின் முகம் அப்படி ஒரு அசட்டு முகமாக மாறும் என்று நான் நினைத்ததில்லை. நான் சிரித்துக்கொண்டே சொறிந்தேன். அப்போது அது கழுத்தை வளைத்து, என் தோளைத் தன் உதட்டால் சொறிந்துவிட்டது. குதிரைகள் ஒன்றுக்கொன்று அப்படிச் செய்யுமாம், பிறகு அறிந்தேன். என்னையும் ஒரு குதிரை என்று எண்ணியிருக்கிறது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதற்கு முன் என்னை ஒருவரும் அப்படிச் சமமாக நடத்தியதில்லை. அன்றிலிருந்து எனக்குப் பிரபு மேல் உயிர். அதை யாருக்கும் சொல்லவில்லை.

பிறகு நடந்ததற்குப் பிரபுதான் பொறுப்பு. ஒரு பின்னேரம் கயிற்றை அறுத்துக்கொண்டு களஞ்சியத்துக்குள் போய், மூலையில் இருந்த கொள்ளுச் சாக்கைக் கிழித்து, நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் வயிறு முட்டத் தின்றுவிட்டது. அம்பலவாணருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"வயிறு ஊதிப்போம், நடக்கவிடுங்கோ, நிப்பாட்டாமல் நடக்கவிடுங்கோ!" என்று தெய்வானை அக்கா கத்தினார்.

கொட்டிலடியில் நடக்க இடம் இல்லை. ஊருக்கு மற்றப் பக்கம் இருந்த திறந்த கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கச்சான் காற்று பிடித்திருந்தது. மணலை வாரி முகத்தில் அடித்தது. நானும் பிரபுவும் கரையோரமாகப் போவதும் வருவதுமாக நடந்தோம். சூரியன் விழுந்தது. வழக்கமாகப் பிரபு கம்பத்தைத் தேடி ஓடும் நேரம் அதுதான். அன்றைக்கு அது ஒரு முறைகூட உடம்பை எதிலும் உரசவில்லை. வயிறு முழுக்கக் கொள்ளு, உலகத்துச் சூடெல்லாம் உள்ளே, தோலில் அரிப்பு இல்லை.

தெய்வானை அக்கா இதைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் கொள்ளுதான் மருந்து என்றார். எனக்கு வேறு யோசனை ஓடியது. மறுநாள் பொழுது சாயும் நேரம் கொட்டிலில் பிரபுவின் வாலடியில் என் முகத்தை வைத்து உற்றுப் பார்த்தேன். யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. கண்டல் சேற்றிலிருந்து சின்னக் கொசு வந்தது. எங்கள் பக்கத்தில் கொசு என்றால் நுளம்பு இல்லை, நுளம்பில் பத்தில் ஒரு பங்கும் வராத பூச்சி. மிளகுத்தூள் தூவியது போல வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்தில் தோல் துடித்தது. கடலோரத்தில் காற்றுக்கு அந்தப் பூச்சி நிற்க முடியாது, அதனால்தான் அங்கே அரிக்கவில்லை. எங்களை எல்லாம் ஒன்றும் செய்யாத பூச்சிதான்; பிரபுவின் உடம்புக்கு மட்டும் ஆகவில்லை. அதைத்தான் இப்போது அந்த டொக்டர் பிள்ளை அலர்ஜி என்கிறார். கத்தரிக்காய் நிரபராதி.

காற்றைக் கொட்டிலுக்குக் கொண்டுவர முடியாது. போர்வை போடலாம். ஆனால் துணி? அந்த நாளில் துணி கிடைப்பது குதிரைக்கொம்பு. மாச்சாக்கு வெள்ளைத் துணியில் வரும். அதைக் கிழித்துத் தைத்த காற்சட்டையோடு, பின்பக்கத்தில் ஆலையின் முத்திரையோடு, மரியாதையான மனிதர்களே நடமாடினார்கள். அம்பலவாணரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கந்தோரிலிருந்து ஒரு குண்டூசியை வீட்டுக்குக் கொண்டுபோகாத மனிதர் அவர். களஞ்சியப் பதிவுப் புத்தகத்தை இழுத்து விரித்தார்.

"இந்த வருசம் எலி கூட, ஐசே. ஏழெட்டுச் சாக்கைக் கடிச்சுப் போட்டுது."

சொல்லிவிட்டுப் போய், ஏழெட்டுச் சாக்கை மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஒன்றிலும் எலிப்பல் படவில்லை.

தெய்வானை அக்கா இரண்டு நாளில் தைத்து முடித்தார். கழுத்திலிருந்து வாலடிவரை ஒரே சட்டை, வயிற்றுக்குக் கீழே முடிச்சு, வாலுக்குத் தனியாக ஒரு உறை. சாக்கில் அச்சடித்த எழுத்துகளை அவர் கவனிக்கவில்லை. ஒட்டுப்போட்டுத் தைத்ததில், 'கொக்கி போடக் கூடாது' என்று சாக்கைக் கொக்கியால் குத்தித் தூக்கும் கப்பல் கூலியாட்களுக்காக ஆங்கிலத்தில் அடித்திருந்த வாசகம் சரியாகப் பிரபுவின் பின்புறத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்த அலங்காரத்தோடு பிரபுவை ஒவ்வொரு பின்னேரமும் கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போனேன். அதற்குள் ஊர் மெல்லத் திரும்பியிருந்தது. கந்தசாமி கோயிலடியில் ஒரு பெண் இடுப்பில் துணியில்லாத பிள்ளையோடு நின்று பார்த்தாள். "எங்கடை பிள்ளையளுக்கு உடுக்கத் துண்டில்லை. குதிரைக்குக் கோட்டு!" என்றாள். நான் கேட்காதவன் போல நடந்தேன்.

கொள்ளு திரும்பி வந்தது, கடலை வந்தது, அம்பலவாணரின் மாமியாரை மீறித் தவிடும் வந்தது. மூன்று கிழமையில் வாலடி காய்ந்தது. தோலின் மேல் முளைப்பயறு போல மயிர் எழும்பியது. விலா எலும்பு மறைந்தது. ஆனி பிறக்கும்போது பிரபு உண்மையிலேயே பிரபு. நாங்கள் மூவரும் அதைச் சுற்றி நின்று, நாங்களே பெற்றெடுத்தது போலப் பார்த்துக்கொண்டிருப்போம்.

வைத்தியர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு அம்பலவாணர் ஒரு தாளோடு கொட்டிலுக்கு வந்தார். அவர் கொட்டிலுக்கு வருவதே அபூர்வம். வைத்தியர் நிரப்பப்போகும் படிவம் அது, முன்கூட்டியே கந்தோருக்கு வந்திருந்தது. அதில் மூன்று கட்டம் இருந்தது. தொற்றுச் சொறி என்றால் சுடுவது. வேலைக்கு உதவாது என்றால் இருந்த இடத்தில் விட்டுவிடுவது. நல்ல சுகம் என்றால் படைக்கு எடுத்துக் கப்பலில் ஏற்றுவது.

"பர்மாப் பக்கமாம்" என்றார் அம்பலவாணர். "எனக்கு உது தெரியாது, ஐசே. முதல் கடிதத்திலை சுடுறதைப் பற்றி மட்டுந்தான் எழுதியிருந்தது."

இரண்டரை மாதம் பாடுபட்டு நாங்கள் பிரபுவை முதலாம் கட்டத்திலிருந்து மூன்றாம் கட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறோம். நடுவில் இருந்த கட்டம் எங்கள் கண்ணில் படவே இல்லை.

தெய்வானை அக்காதான் வழி சொன்னார். "சட்டையைக் கழட்டி விடுங்கோ, தம்பி. ரெண்டு பின்னேரம் கடிக்கட்டும். கொஞ்சம் உரிஞ்சால் போதும். சுடவும் மாட்டாங்கள், கொண்டுபோகவும் மாட்டாங்கள்."

சரியான யோசனை. இன்றைக்கும் சொல்கிறேன், சரியான யோசனை. அன்று பொழுது சாயும் நேரம் கடற்கரைக்குப் போகாமல், முடிச்சை அவிழ்த்துச் சட்டையை உருவி எடுத்துவிட்டு, நான் ஒரு பக்கமாகக் குந்தியிருந்தேன். காற்று விழுந்திருந்தது. சேற்றிலிருந்து அவை வந்தன. பிரபு முதலில் தோலை மட்டும் சிலிர்த்தது. பிறகு கம்பத்துக்குப் போனது. கூரை ஆடத் தொடங்கியது. கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது பிரபு தேய்ப்பதை நிறுத்திவிட்டு நான் இருந்த இடத்துக்கு வந்தது. என் மடியில் கிடந்த சட்டையை மூக்கால் தள்ளியது. மறுபடி தள்ளியது. பிறகு கழுத்தை நீட்டி, என் தோளை உதட்டால் சொறிந்தது. எனக்கு அரிக்கவில்லை. தனக்கு அரிக்கும்போது என்னைச் சொறிந்துவிட்டது.

என்னால் முடியவில்லை. எழுந்து சட்டையைப் போட்டு முடிச்சுகளைக் கட்டினேன். ஒரு முடிச்சு தவறிப்போய் இரண்டாம் முறையும் கட்ட வேண்டியிருந்தது. மறுநாள் தெய்வானை அக்கா வந்து, சட்டையோடு நின்ற பிரபுவையும் என்னையும் பார்த்தார். பிறகு புல்லுக்கட்டை அவிழ்த்து உதறினார்.

வைத்தியர் நல்ல மனிதர். பிரபுவின் தோலைத் தடவினார், பல்லைப் பார்த்தார், சட்டையைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தார். யார் வைத்தியம் பார்த்தது என்று கேட்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சுறா எண்ணெய் மணத்தையும் பொறுத்துக்கொண்டு எனக்குக் கைகொடுத்த முதல் வெள்ளைக்காரர். பிறகு பேனாவை எடுத்து மூன்றாம் கட்டத்தில் அடையாளம் போட்டார்.

கப்பலில் ஏற்றிய நாள் மூன்று பேரும் இறங்குதுறைக்குப் போனோம். ஏணியில் குதிரை ஏறாது. வயிற்றுக்குக் கீழே ஒரு தொட்டில் போலக் கித்தான் கட்டி, பாரந்தூக்கியால்தான் தூக்குவார்கள். சட்டையோடு போகட்டும் என்று நான் கெஞ்சினேன், விட்டார்கள். கொக்கி இறங்கி வந்தது, கித்தான் வளையத்தில் மாட்டியது. பிரபு மேலே எழும்பியது. நாலு காலும் கீழே தொங்க, அது நெளியவில்லை, கத்தவில்லை. ஆகாயத்தில் மெல்லத் திரும்பியபோது பின்புறம் எங்கள் பக்கம் வந்தது. 'கொக்கி போடக் கூடாது' என்று பெரிய எழுத்தில் தெளிவாகத் தெரிந்தது. அங்கே நின்ற மாலுமிகள் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய காட்சிதான்.

தெய்வானை அக்கா கொண்டுவந்த புல்லுக்கட்டை அடுத்த பாரத்தோடு ஏற்றச் சொல்லி ஒரு கூலியாளிடம் கொடுத்தார். அம்பலவாணர் கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்த்து, "போயிட்டு வாங்கோ" என்றார். அடுத்த நாள் காலையில் தெய்வானை அக்கா வழக்கம் போலப் புல்லோடு வந்துவிட்டார். கொட்டில் வாசலில் நின்ற பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

துரை ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பி வந்தார். அம்பலவாணர் இந்த நாளுக்காக ஒரு முழு விளக்கத்தை ஆங்கிலத்தில் பாடமாக்கி வைத்திருந்தார். துரை கந்தோருக்கு வந்து, தன்னுடைய தூண்டில் தடி எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கொட்டில் இப்போது இல்லை. கூரை போன பிறகும் மூலைக் கம்பம் மட்டும் கனகாலம் நின்றது. பிரபுவின் உயரத்துக்கு ஒரு இடம் எண்ணெய் பூசினது போல வழுவழுப்பாக இருக்கும், வெடிப்புக்குள் இரண்டொரு செம்மயிர். அந்தப் பக்கம் போனால் கையை வைத்துப் பார்ப்பேன். பிறகு கண்டலை வெட்டிச் சேற்றை நிரப்பிச் சீமெந்து போட்டார்கள். கம்பமும் போனது, கொசுவும் போனது. அப்பாவின் குடையும் எங்கேயோ போனது. அம்பலவாணரும் தெய்வானை அக்காவும் போய்ப் பல வருடம். பிரபுவைத் தெரிந்த ஆள் என்று இனி நான் ஒருவன்தான். அதனால்தான் உங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

அந்தக் கப்பல் போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இரவில் முதுகு அரித்து முழிப்பு வரும்போது ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்வேன். நடுக்கடலில் காற்று ஓயாது. காற்று ஓயாத இடத்தில் அந்தக் கொசு வராது. அந்தப் பயணம் முழுவதும் அவருக்கு அரித்திருக்காது.